வெளியூரில் நாய் அடிபட்டால்: முதலில் மூச்சும் ரத்தமும், எலும்பு அப்புறம்

கேள்வியின் சுருக்கம் இது: சென்னையிலிருந்து தென்காசிக்குக் காரில் போகும் வழியில், பெரம்பலூர் பக்கம் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் 28 கிலோ லாப்ரடார் சாலைக்கு ஓடி, வண்டியில் அடிபட்டுவிட்டது. பின்னங்கால் தொங்குகிறது, மூச்சு வாங்குகிறது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சென்னையில் இருக்கிறார். திரும்பி அவரிடமே ஓடுவதா, இல்லை பக்கத்து ஊரில் யாரையாவது தேடுவதா?

பக்கத்து ஊரில்தான் காட்ட வேண்டும். சென்னை அங்கிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரிவது தொங்கும் கால் என்பதால் எல்லோருக்கும் எலும்பு டாக்டர் நினைவுதான் வருகிறது. ஆனால் வண்டியில் அடிபட்ட நாய் முதல் சில மணி நேரத்தில் சாவது உள்ளே ஒழுகும் ரத்தத்தாலும், அடிபட்ட நுரையீரலாலும். முறிந்த காலுக்கு இரண்டு மூன்று நாள் பொறுத்தும் ஆபரேஷன் செய்யலாம். எனவே இதை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உயிரை நிலைநிறுத்துவது கிடைக்கிற முதல் கால்நடை மருத்துவரிடம். எலும்பு, அதைப் பொருத்தும் உலோகத் தட்டு, ஸ்க்ரூ எல்லாம் பிறகு, நம்பிக்கையான பெரிய ஆஸ்பத்திரியில்.

சாலையோரத்தில் முதல் ஐந்து நிமிஷம்

முதலில் உங்கள் கை பத்திரம். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும், வளர்த்தவரையும் கடிக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்குத் துப்பட்டாவோ துணிக் கிழிசலோ எடுத்து, சுருக்கு போட்டு மூக்கின் நடுப்பகுதியில் மாட்டி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, அங்கிருந்து காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென அவிழ்க்கும்படி இன்னொரு முடிச்சு. வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுக்குத் திணறும் நாய்க்கும், பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கும் வாயைக் கட்டக் கூடாது. தலையைச் சுற்றித் தடிமனான துண்டைச் சுருட்டி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் வழிகிற இடத்தில் மடித்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். ஐந்து நிமிஷம் எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நொடிக்கொருதரம் துணியைத் தூக்கினால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காலில் கயிறு கட்டி இறுக்குவது அழுத்தியும் நிற்காத பீறிடலுக்கு மட்டும், கடைசி வழியாக. கட்டினால் கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியை சலைனில், அது இல்லாவிட்டால் பாட்டில் தண்ணீரில் நனைத்து மூடி, வயிற்றைச் சுற்றித் தளர்வாகக் கட்டி நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சப்பை மூக்கு நாய்களுக்கு அடி விழுந்தால் கண் குழியிலிருந்து பிதுங்கிவிடுவது உண்டு. அதையும் அழுத்தக் கூடாது. சலைன் சொட்டிக்கொண்டே ஈரமாக வைத்துக் கொண்டுபோக வேண்டும். உடம்பில் கம்பியோ கட்டையோ குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். அதுதான் ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

தொங்கும் காலுக்குக் குச்சி வைத்துக் கட்டத் தோன்றும். பின்னங்காலில் முட்டிக்கு மேல், முன்னங்காலில் முழங்கைக்கு மேல் முறிந்திருந்தால் கட்டவே கட்டாதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் போடும் கட்டு முறிவின் மேல்புறத்தைப் பிடிக்காது. கட்டின் கனம் ஊசல் மாதிரி ஆடி, முறிந்த முனை சதையையும் ரத்தக் குழாயையும் குத்தும். எலும்பு வெளியே தெரிந்தால் ஈரத்துணி போட்டு மூடுங்கள், போதும்.

தூக்குவதற்குப் பலகை வேண்டும். காரின் டிக்கியை மூடும் தட்டு, கடைக்காரரின் பிளைவுட், எதுவும் இல்லையென்றால் நான்கு முனையும் இழுத்துப் பிடித்த பெட்ஷீட். நாயைத் தூக்கி வைப்பதைவிட முதுகுப் பக்கத்திலிருந்து பலகையின் மேல் இழுத்து வைப்பது நல்லது. பின்னங்கால்கள் துவண்டு முன்னங்கால்கள் விறைத்து நீண்டிருந்தால் முதுகெலும்பு அடி என்று எடுத்துக்கொண்டு, பலகையோடு சேர்த்துத் துண்டால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தலையில் அடி என்றால் கழுத்து அழுந்துவது மூளை வீக்கத்தைக் கூட்டும். தலைப்பக்கத்தைப் பலகையோடு ஒரு சாண் உயர்த்தி வைக்கலாம். மூச்சுத் திணறும் நாயை மட்டும் பக்கவாட்டில் வலுக்கட்டாயமாகப் படுக்க வைக்காதீர்கள். அது எந்த வாக்கில் உட்கார்ந்து மூச்சு விடுகிறதோ அப்படியே விடுங்கள்.

வாய்வழியாக எதுவும் வேண்டாம். பால், பிஸ்கட், குளுக்கோஸ் தண்ணீர், எதுவும். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். மனிதர்களின் வலி மாத்திரை கூடவே கூடாது. இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் மூன்றும் நாய்க்குக் குடல் புண்ணும் சிறுநீரகச் சேதமும் தருபவை. ரத்தம் குறைந்து கிடக்கும் உடம்பில் ஒரே மாத்திரைகூட வினையாகும். பாராசிட்டமாலும் நாமாகக் கொடுப்பதற்கில்லை. மஞ்சள் தூள், காபித் தூள் அப்புவதும் வேண்டாம்: ரத்தம் நிற்பதுபோலத் தெரியும், பிறகு டாக்டர் அதைக் கழுவி எடுப்பதற்கே அரை மணி நேரம் போகும்.

காரில் போகும்போது என்ன பார்ப்பது

உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ இருந்து, சிவக்க அதிக நேரம் பிடித்தால் ரத்த ஓட்டம் குறைகிறது. நீலம் பாரித்தால் ஆக்சிஜன் போதவில்லை. பல நாட்டு நாய்களுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குவதை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 10 முதல் 30 வரை சரி. வலியிலும் பயத்திலும் கூடத்தான் செய்யும். கழுத்தை நீட்டி, முழங்கைகளை அகட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு எக்கினால் அது வலியால் மட்டும் அல்ல. பின்தொடையின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி தெரியும்; பெரிய நாய்க்கு நிமிஷத்துக்கு 60 முதல் 120, சின்ன நாய்க்கு 160 வரை போகலாம். 160-ஐத் தாண்டி நூல் மாதிரி மெலிந்து ஓடும் நாடி கெட்ட அறிகுறி. எல்லாவற்றையும் நேரத்தோடு போனில் குறித்து வையுங்கள். அரை மணி இடைவெளியில் எடுத்த இரண்டு குறிப்பு இருந்தால், நாய் தேறுகிறதா சரிகிறதா என்பது டாக்டருக்கு உடனே புரிந்துவிடும்.

‘எழுந்து நடந்துவிட்டது, ஒன்றும் இல்லை’ என்று பயணத்தைத் தொடர்வதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. 28 கிலோ நாய்க்கு உடம்பில் மொத்த ரத்தம் ஏறக்குறைய இரண்டே கால் முதல் இரண்டரை லிட்டர். அதில் முக்கால் லிட்டர் வயிற்றுக்குள்ளேயே ஒழுகினாலும் வெளியே உப்பலாகத் தெரியாமல் போகலாம். கன்றிய நுரையீரல் முதல் 24 மணி நேரம் மோசமாகிக்கொண்டே போய் அதற்குப் பிறகுதான் தேறும். மூத்திரப் பை கிழிந்திருந்தால் முதல் நாள் நாய் நன்றாகவே இருக்கும், இரண்டாம் நாள் சுருண்டு படுக்கும். ஆக நடந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

யாரைத் தேடுவது

மேப்பில் நாய் கிளினிக் தேடினால் சின்ன ஊர்களில் ஒன்றும் வராது. அல்லது வளர்ப்புப் பிராணிகளுக்குத் தீனி விற்கும் கடை வரும். கால்நடை மருந்தகம், கால்நடை மருத்துவமனை, கால்நடை பன்முக மருத்துவமனை என்று தமிழிலும் தேடுங்கள். இவை அரசு மருத்துவமனைகள். மருந்தகம் சிறியது, பன்முக மருத்துவமனை பெரியது, மாவட்டத் தலைநகரம் போன்ற பெரிய ஊர்களில் இருக்கும். நேரம் பெரும்பாலும் காலை 8 முதல் 12, மாலை 3 முதல் 5. அந்த நேரத்துக்கு வெளியே என்றால் பால் கூட்டுறவுச் சங்கத்திலோ கறவை மாடு வைத்திருப்பவரிடமோ கேளுங்கள். ராத்திரி கன்று ஈனச் சிக்கலானால் யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியும். 1962 என்ற எண்ணில் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திச் சேவை கிடைக்கிறது. அது முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது, பகல் நேரச் சேவை. வண்டி வராவிட்டாலும் அருகில் எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்று கேட்க அந்த அழைப்பு உதவும். 108 ஆம்புலன்ஸ் மனிதர்களுக்கு மட்டும்.

‘மாட்டு டாக்டர்தானே’ என்று ஒதுக்காதீர்கள். படிப்பு ஒன்றுதான். நரம்பில் ஊசி ஏற்றி சலைன் விடுவது, ரத்தக் குழாயைக் கட்டுவது, வலிக்கு ஊசி போடுவது, நெஞ்சுக்கூட்டில் அடைத்த காற்றை ஊசியால் உறிஞ்சி எடுப்பது எல்லாம் அவரால் முடியும். அவரிடம் இல்லாமல் இருக்கக்கூடியது நாய்க்கு ஏற்ற மெல்லிய ஊசிதான். அதை எந்த மெடிக்கல் ஷாப்பிலும் வாங்கலாம்: 20 மற்றும் 22 கேஜ் ஐவி கேனுலா இரண்டிரண்டு, ட்ரிப் செட், 500 மில்லி ரிங்கர் லாக்டேட் இரண்டு பாட்டில், பிளாஸ்டர், பஞ்சு ரோல், நான்கு அங்குலத் துணிக்கட்டு. அவர் வந்து சேர்வதற்குள் ஒருவர் போய் வாங்கிவந்தால் அரை மணி மிச்சம். சலைன் விடும் அளவு அவர் கையில் இருக்கட்டும். ‘இன்னும் ஒரு பாட்டில் போடுங்கள்’ என்று அவசரப்படுத்தாதீர்கள். கன்றிய நுரையீரலில் அதிகப்படி திரவம் தேங்கி மூச்சை அடைக்கும். உள்ளே ஒழுகும் ரத்தமும் ரத்த அழுத்தம் ஏற ஏற வேகம் பிடிக்கும். சிறிது விட்டு, ஈற்றையும் நாடியையும் பார்த்து, மறுபடி சிறிது விடுவதே முறை.

போனில் பேசும்போது கதை வேண்டாம். எடை, வயது, எத்தனை மணிக்கு அடிபட்டது, ஈற்றின் நிறம், மூச்சு எண்ணிக்கை, ரத்தம் எங்கே, பின்னங்கால் அசைகிறதா, மூத்திரம் போனதா. இவ்வளவு போதும். நீங்கள் கேட்க வேண்டியவை: இப்போது டாக்டர் இருக்கிறாரா, ஆக்சிஜன் உண்டா, எக்ஸ்ரே உண்டா, ராத்திரி தங்கவைத்துப் பார்க்க ஆள் இருக்கிறதா? ‘இருக்கிறது’ என்று சொல்லும் கிளினிக்கிலும் ராத்திரி யார் இருப்பார் என்று கேட்டுவிடுங்கள். பூட்டிய அறையில் ட்ரிப்ஸோடு தனியாகக் கிடக்கும் நாய்க்கு யாரும் காவல் இல்லை. அப்படியென்றால் நீங்களே கூட இருப்பது மேல்.

அடுத்த கட்டத்துக்குப் பெரிய இடங்கள் எவை என்றால், தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள். 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி, அதன் பிறகு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி, சேலம் மாவட்டம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. புதுச்சேரியில் குரும்பாப்பேட்டில் ஒரு கல்லூரி உண்டு. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அடிபட்டால் அதுதான் கிட்டத்தில். கேரள எல்லைப் பக்கம் போனவர்களுக்குத் திருச்சூர் மண்ணுத்தி, வயநாட்டில் பூக்கோடு. பெரம்பலூரிலிருந்து தெற்கே போகும் உங்கள் வழியில் ஒரு மணி நேரத்தில் திருச்சி. அங்கே தனியார் கிளினிக்குகள் உண்டு, அதற்கு அப்பால் ஒரத்தநாடோ நாமக்கல்லோ. கல்லூரி மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு காலையில்தான் முழு வீச்சில் நடக்கும். எல்லா ஊரிலும் இரவுப் பிரிவு இருக்கும் என்று எண்ணி நள்ளிரவில் நூறு கிலோமீட்டர் ஓட்டாதீர்கள். முதலில் போன் செய்து கேளுங்கள்.

ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால்: வேப்பேரிக் கல்லூரியில் பிராணிகளுக்கான ரத்த வங்கி இருக்கிறது. மற்ற ஊர்களில் கொடை நாயைத்தான் தேட வேண்டும். 25 கிலோவுக்கு மேல், தடுப்பூசி போட்ட, நடுவயதைத் தாண்டாத, சாதுவான நாய். முன்பு ரத்தம் ஏற்றாத நாய்க்கு முதல் முறை வகை பார்க்காமலும் பெரும்பாலும் ஏற்றிவிடலாம். இரண்டாம் முறை அப்படிச் செய்ய முடியாது. ஆகவே ஏற்றிய தேதி மருத்துவக் குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

முதல் டாக்டரிடமிருந்து கிளம்பும் முன்

போட்ட ஒவ்வொரு ஊசியின் பெயர், அளவு, நேரம் எழுதி வாங்குங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் உடைத்த ஆம்பூல், மருந்துக் குப்பி எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். இது ஏன் என்றால், அடிபட்ட நாய்க்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடும் பழக்கம் பல இடங்களில் இன்னும் உண்டு. அது தெரியாமல் அடுத்த ஊர் டாக்டர் வலிக்கு மெலாக்சிகாம் போட்டால், இரண்டும் சேர்ந்து இரைப்பையை ஓட்டை போடும். எலும்பை ஒட்டவைத்த பிறகு நாய் ரத்த வாந்தி எடுத்துச் சாவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. மெலாக்சிகாமையே எடுத்தாலும், நீர்ச்சத்தும் ரத்த அழுத்தமும் சரியான பிறகுதான் போட வேண்டும். அதுவரை வலிக்கு ட்ரமடால், பியூட்டார்ஃபனால் போன்றவை தோதானவை.

எக்ஸ்ரே எடுக்கும்போது முதலில் நெஞ்சு, பிறகு கால் என்று கேளுங்கள். காலை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருப்பது மயக்க மருந்து கொடுத்த பிறகு தெரிந்தால் காலம் கடந்துவிடும். எலும்புக்கு இரண்டு கோணப் படம் வேண்டும். பிலிம் என்றால் வெள்ளையாக எரியும் லேப்டாப் திரைமேல் வைத்துப் போட்டோ எடுத்துச் சென்னை டாக்டருக்கு அனுப்புங்கள். அவரையும் இந்த டாக்டரையும் நேரடியாகப் போனில் பேசவையுங்கள். நடுவில் நீங்கள் மொழிபெயர்ப்பாளராக நிற்க வேண்டாம்.

செலவைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். ஆபரேஷன் கட்டணம், தட்டும் ஸ்க்ரூவும், மயக்க மருந்து, ஒரு நாள் தங்குவதற்கு, மறுபடி எடுக்கும் எக்ஸ்ரே என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ‘மொத்தம் இவ்வளவு ஆகும்’ என்று வாயால் சொல்வதில் பெரும்பாலும் தட்டின் விலை இருக்காது.

வீட்டுக்கு எப்போது கொண்டுபோவது

ஈறு சிவப்பாக, மூச்சு சீராக, மூத்திரம் போய், குறைந்தது ஒரு நாள் கழிந்த பிறகு. மூடிய முறிவை மூன்று நான்கு நாளில் சரிசெய்தாலும் போதும். ஒரு வாரம் பத்து நாள் தள்ளினால் சதை சுருங்கி எலும்பு முனைகளை இழுத்துச் சேர்ப்பது கடினம். எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கு இந்தச் சலுகை கிடையாது. அன்றைக்கே நன்றாகக் கழுவி ஆன்டிபயாடிக் தொடங்கியிருக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிவு என்றால் பயந்து ஓட வேண்டாம். மூட்டுக்குழியும் முதுகோடு சேரும் இடமும் விலகாத பல முறிவுகள் நான்கு முதல் ஆறு வாரம் கூண்டில் வைத்தாலே கூடிவிடும்.

பயணத்துக்குக் கார்தான் சரி. ரயிலில் நாயை உங்களோடு வைத்துக்கொள்ள ஏசி முதல் வகுப்பில் தனி கூபே அல்லது கேபின் கிடைத்தால்தான் முடியும்; இல்லாவிட்டால் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டு, அடிபட்ட நாய்க்கு அது ஆகாது. விமானத்தில் ஏற்ற உடல்தகுதிச் சான்று கேட்பார்கள். நெஞ்சுக்கூட்டில் காற்று தேங்கிய நாய்க்கு அது கொடுக்கவும் கூடாது, உயரத்தில் அந்தக் காற்று விரிந்து நுரையீரலை நசுக்கும். வாடகைக்கு எடுப்பதானால் பின்சீட் மடியும் வண்டியாகக் கேளுங்கள். பலகை மேல் கெட்டியான மெத்தை, அதன்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய வேட்டி. இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்திப் புரட்டிப் படுக்க வைத்து, தண்ணீர் கொஞ்சம். சாப்பிட நிறுத்தும்போது கண்ணாடி ஏற்றிய காரில் நாயை விடாதீர்கள்; நம் ஊர் வெயிலில் பத்து நிமிஷமே அதிகம்.

காலில் கட்டு போட்டிருந்தால் நடு இரண்டு விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். வீங்கி நகங்கள் விலகினாலோ, சில்லிட்டாலோ கட்டு இறுகிவிட்டது, போகிற வழியில் எந்த டாக்டரிடமாவது உடனே தளர்த்துங்கள். மழையோ மூத்திரமோ பட்டு நனைந்த கட்டையும் அன்றே மாற்ற வேண்டும், உள்ளே தோல் வெந்துவிடும். பாலிதீன் உறை வெளியே போகும்போது மட்டும். திறந்த புண் இருந்தால் ஈ மொய்க்காமல் மூடுங்கள். ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைக்கும். புழுவுக்குப் பாச்சை உருண்டையைப் பொடித்துப் போடுவார்கள். அது விஷம்.

வீடு சேர்ந்த பிறகும் மூன்று நாள் கவனம் வேண்டும்: 12 மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் போகாதது, வாந்தி, இதயத் துடிப்பு விட்டு விட்டு அடிப்பது. கடைசியாகச் சொன்னது அடிபட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடத் தொடங்கலாம்.

அடிபட்டது தெரு நாய் என்றால்

மேலே சொன்ன எல்லாமும் பொருந்தும், கையை நீட்டுவதைத் தவிர. கனத்த போர்வையைத் தலைமேல் போர்த்தி, அப்படியே சுருட்டி, அட்டைப் பெட்டிக்கோ பலகைக்கோ மாற்றுங்கள். தாடை தொங்கி எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் இருந்தால் அது அடியால்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ரேபிஸ் முற்றிய நாய் தள்ளாடி வண்டியில் விழுவதும் உண்டு. வாயில் கை வைக்காதீர்கள்.

கடித்தாலோ, எச்சில் கீறலில் பட்டாலோ, உங்கள் சொந்தத் தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வந்த கடி என்றால் முதல் நாளே புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள். வெளியூரில் தொடங்கிய சீட்டைக் காட்டி மீதி ஊசியை உங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கும். முதுகெலும்பு விலகி, பின்னங்கால் விரலை இடுக்கியால் எலும்பு வரை அழுத்தினாலும் நாய் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அது மறுபடி நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. காலை இழுத்துக்கொள்வது மட்டும் உணர்ச்சி ஆகாது, அது அனிச்சை. தலையைத் திருப்பவோ முனகவோ வேண்டும். இந்தச் சோதனையை வலி மருந்தும் அதிர்ச்சியும் தெளிந்த பிறகு இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். கருணைக்கொலை என்று முடிவானால், முதலில் மயக்க மருந்து கொடுத்து நினைவு முழுதாகப் போன பிறகுதான் இதயத்தை நிறுத்தும் மருந்து என்பதை டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை கூடவே இருக்க உங்களுக்கு அனுமதி உண்டா என்றும் கேட்கலாம், பெரும்பாலானோர் மறுப்பதில்லை.

இன்னும் கிளம்பாதவர்கள் காரில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. நாயின் அளவுக்கு வாய்ப்பூட்டு, பெரிய துண்டு இரண்டு, 500 மில்லி சலைன், பஞ்சு ரோல், துணிக்கட்டு, தடுப்பூசிப் புத்தகத்தின் போட்டோ, போகும் வழியிலுள்ள கல்லூரி மருத்துவமனைகளின் எண்கள். டீக்கடையில் கதவைத் திறப்பதற்கு முன் கயிற்றை மாட்டிவிடுங்கள், அதுவும் கழுத்துப் பட்டையில் வேண்டாம், நெஞ்சுப் பட்டையில். மிரண்ட நாய் பின்னால் இழுத்துக் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ள ஒரு நொடி போதும்.